தோட்டத்து லயத்தில் ‘லேக்’: பழுது எங்கே இருக்கிறது?

*ஆன்லைன் ஆட்டம் தடங்கலில்லாமல் ஓட மடிக்கணினிக்கு என்ன செய்ய வேண்டும்? லைனுக்கு என்ன செய்ய வேண்டும்? நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு இன்னும் வந்து சேராதது எது?*

இரவு ஒன்பதரை மணி. லயத்து வீட்டின் முன்னறையில் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும்தான். திரையில் எட்டுப் பேர் கொண்ட அணி ஓர் அரக்கனைச் சுற்றி நிற்கிறது. ஒருவர் கோலாலம்பூரில், இருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் மணிலாவில். அணியில் வைத்தியர் வேடம் இந்தத் தோட்டத்து இளைஞருடையது. பகலில் செனவாங் தொழிற்சாலையில் வேலை, இரவில் இந்த வேடம். மற்றவர்கள் அடிபட்டால் உயிரூட்ட வேண்டியவர் அவர்தான்.

வெளியே செம்பனை மட்டைகள் காற்றில் உரசுகின்றன. தகரக் கூரையில் முதல் தூறல் விழுகிறது. திரை உறைகிறது. அரக்கன் ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் “ஹீல், ஹீல்” என்ற குரல் பாதியில் அறுந்துபோகிறது. சில விநாடிகளில் படம் அசைந்து வரும்போது அணி முழுவதும் தரையில் கிடக்கிறது.

“சாரி அண்ணே, லைன் போச்சு.”

உள்ளறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: “விடிஞ்சா வேலை இருக்குய்யா, அடைச்சிட்டுப் படு.”

லிங்கி, சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ், கிம்மாஸ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டாலும் இளைஞர்கள் இப்படி ஓர் இரவைச் சொல்வார்கள். பெரியவர்கள் ‘வெறும் ஆட்டம்தானே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கிவிடும் விஷயமல்ல இது. ஒரு வீட்டின் இணையமும் கணினியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஆன்லைன் ஆட்டத்தைப் போலக் கறாராகக் காட்டுவது வேறொன்றுமில்லை. யூடியூப் காணொளி அரை நிமிடப் படத்தை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்ளும். லைன் இடையில் விழுந்தாலும் படம் ஓடும். ஆட்டத்தில் அடுத்த நொடியைச் சேமித்துவைக்க முடியாது. லைன் தடுமாறினால் அந்தக் கணமே தெரிந்துவிடும். அதே லைனில்தான் மகளின் இணைய வகுப்பும் மகனின் வேலை நேர்காணலும் நடக்கின்றன.

சி.சி.யிலிருந்து லயத்து வீட்டுக்கு

2002-இல் கொரியாவில் வெளியான ‘ராக்னரோக் ஆன்லைன்’ சில ஆண்டுகளிலேயே தென்கிழக்காசிய இளைஞர்களைக் கட்டிப்போட்டது. 2005-இல் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரர்களுக்கென்றே ‘மேப்பிள்ஸ்டோரி’யின் தனிப் பதிப்பு வந்தது. அப்போது தோட்டத்துப் பையன்களுக்கு வீட்டில் கணினி இல்லை. சனிக்கிழமை பஸ் பிடித்துச் சிரம்பானுக்கோ பகாவுக்கோ போய், சி.சி. என்று அவர்கள் அழைத்த சைபர் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருவார்கள். ஆட்டத்துக்கான டாப்-அப் கார்டும் அங்கேயே கிடைக்கும்.

பட்டண வீடுகளுக்கு ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது. 2010-இல் கண்ணாடி இழை வழியே யூனிஃபை வந்தது. தோட்டத்துக்குக் கைப்பேசி லைன்தான் வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளி, வேலை, பொழுதுபோக்கு எல்லாமே வீட்டுக்குள் வந்துவிட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ இலவசமாக வெளியானது. வகுப்புக்கென்று வாங்கிய மடிக்கணினியில் ஆட்டமும் ஏறியது. “ஏன் இவ்வளவு லேக்?” என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது அப்போதுதான்.

லேக் இரண்டு வகை

மடிக்கணினி திணறினாலும் லேக் என்கிறோம். லைன் திணறினாலும் லேக் என்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்வதுதான் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பெரிய நட்டம். லைன் கோளாறுக்கு மூவாயிரம் வெள்ளி கொடுத்துப் புது மடிக்கணினி வாங்கினால் லேக் புதுப் பெட்டியிலும் தொடரும். சூட்டில் தவிக்கும் மடிக்கணினிக்கு விலை கூடிய டேட்டா திட்டம் எடுத்தாலும் ஒரு பயனும் இல்லை.

> பெட்டிச் செய்தி: பழுது எங்கே என்று அறிவது எப்படி?
>
> ● கேமராவைச் சுழற்றினாலே படம் விட்டு விட்டு நகர்கிறதா? பழுது மடிக்கணினியில்.
>
> ● கேமரா வழுவழுப்பாகச் சுழல்கிறது, ஆனால் அடித்த அடி தாமதமாக விழுகிறது, மற்ற வீரர்கள் நின்ற இடத்திலேயே நடக்கிறார்கள் அல்லது திடீரென்று வேறிடத்தில் தோன்றுகிறார்கள் என்றால் பழுது லைனில்.
>
> ● முதல் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு படம் இழுக்கிறதா? சூடுதான் காரணம்.
>
> ● புதிய ஊருக்குள் நுழையும்போது மட்டும் நிற்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்கோ ரேம் பற்றாக்குறையோ காரணம்.
>
> ● தினமும் இரவு எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் தொல்லையா? கோபுரத்தில் நெரிசல். அந்நேரத்தில் வட்டாரமே ஒரே கோபுரத்தைப் பங்குபோடுகிறது.

முதல் எதிரி சூடு

பகலெல்லாம் வெயில் வாங்கிய தகரக் கூரை இரவிலும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் மெத்தைமேல் மடிக்கணினியை வைத்து ஆடினால் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் துணியில் அடைபடும். செயலியின் வெப்பம் 95 பாகையை நெருங்கியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விநாடிக்கு 60 படம் காட்டிய திரை 20 படத்துக்கு விழுவது இதனால்தான். இதை வைரஸ் என்று நினைத்துப் பலர் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுகிறார்கள். சூடு அப்படியே இருப்பதால் மறுநாளே பழைய கதை.

மடிக்கணினியை மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்தினாலே காற்றோட்டம் மாறும். செம்மண் சாலையோரத் தோட்டத்து வீடுகளில் விசிறியின் இதழ்களில் தூசி கம்பளி போலப் படிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கணினிக் கடையில் கொடுத்துத் திறந்து துடைத்து, செயலிமேல் இருக்கும் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றச் சொல்ல வேண்டும். சிறு செலவுதான். நான்கைந்து ஆண்டு பழைய மடிக்கணினிக்கு இதைவிடப் பலன் தரும் வைத்தியம் கிடையாது.

இரண்டாவது, மின்சாரம். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான மடிக்கணினிகள் சக்தியைச் சிக்கனப்படுத்தி வேகத்தைக் குறைக்கும். ஆடும்போது அடாப்டர் மாட்டியிருக்க வேண்டும். அதுவும் அந்த மடிக்கணினியோடு வந்த அடாப்டர். திறன் குறைந்த மாற்று அடாப்டரை மாட்டினால் மின்னூட்டம் ஏறுவது போலத் தெரியும், வேகம் மட்டும் ஏறாது.

மூன்றாவது, ரேம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் படம் வரைவதற்கும் ரேமையே கடன் வாங்க வேண்டும். ஒரே துண்டாக 8 ஜிபி இருப்பதைவிட 4 ஜிபி துண்டுகள் இரண்டு இருந்தால் தரவு இரண்டு வழியில் பாயும். அளவு அதேதான், ஆனால் ஆட்டத்தின் வேகத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பல மலிவு மடிக்கணினிகளில் ஒரு ரேம் பள்ளம் வெறுமனே கிடக்கிறது. கடையில் அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். சில மெல்லிய மாடல்களில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட முடியாது. வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

நான்காவது, ஹார்ட் டிஸ்க். சுழலும் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் ஊர் மாறும்போது வரும் நீண்ட காத்திருப்பு குறையும். ஆட்டங்களின் அளவும் ஆண்டுதோறும் வீங்குகிறது. ‘கென்ஷின் இம்பாக்ட்’ வெளியானபோது கணினியில் 30 ஜிபி இடம் கேட்டது. இப்போது 100 ஜிபிக்கு மேல் கேட்கிறது. 256 ஜிபி டிஸ்க்கில் விண்டோஸும் பள்ளிப் பாடமும் போக மிஞ்சுவது அவ்வளவுதான். டிஸ்க் நிரம்பி வழிந்தால் மொத்தக் கணினியும் மந்தமாகிவிடும்.

> பெட்டிச் செய்தி: காசு செலவில்லாத எட்டு மாற்றங்கள்
>
> 1. ஆட்டத்தின் படத் தெளிவை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். கணினி வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்திலிருந்து சுமார் 9 லட்சமாகக் குறையும்.
>
> 2. நிழல், நீர்ப் பிரதிபலிப்பு, புல் அடர்த்தி மூன்றையும் மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். அதிகம் தின்பவை இவைதாம்.
>
> 3. திரையில் தெரியும் மற்ற ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி பல ஆட்டங்களில் உண்டு. சந்தைக் கூட்டத்தில் இது உயிர் காக்கும்.
>
> 4. விநாடிக்கு 30 படம் என்று உச்ச வரம்பு கட்டுங்கள். 60-க்கும் 20-க்கும் இடையே ஊசலாடுவதைவிட நிலையான 30 கண்ணுக்கு இதம், கணினிக்கும் சூடு குறைவு.
>
> 5. தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால், ஆட்டம் அதில்தான் ஓடுகிறதா என்று விண்டோஸ் அமைப்பில் பாருங்கள்.
>
> 6. கிராஃபிக்ஸ் டிரைவரைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் புதுப்பியுங்கள்.
>
> 7. பிரவுசர், ஒன்டிரைவ், பிற ஆட்டங்களின் லாஞ்சர் எல்லாவற்றையும் மூடுங்கள்.
>
> 8. ‘எஃப்.பி.எஸ். பூஸ்டர்’, ‘ரேம் கிளீனர்’ என்று இலவசமாக வருபவற்றை ஏற்றாதீர்கள். கடவுச்சொல் திருடும் மென்பொருள்கள் இந்தப் பெயர்களில் ஒளிந்து வருவதுண்டு.

வேகமல்ல, நேரம்

“நூறு மெகாபிட் திட்டம் எடுத்தும் லேக் ஏன்?” என்று பலர் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தேவைப்படும் தரவு மிகக் கொஞ்சம். ஒரு மணி நேர ஆட்டத்தைவிட ஒரு மணி நேரக் காணொளி பல மடங்கு டேட்டா தின்னும். ஆட்டத்துக்கு முக்கியமானது ஒவ்வொரு சிறு பொட்டலமும் எவ்வளவு நேரத்தில் போய்த் திரும்புகிறது என்பதே. அதைத்தான் பிங் என்கிறோம். பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை இருக்கை என்பதல்ல கேள்வி, பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பதே கேள்வி. பிங் நிலையாக 60 மில்லிவிநாடி இருந்தால் நிம்மதியாக ஆடலாம். 30-க்கும் 400-க்கும் தாவிக்கொண்டிருந்தால் எந்த மடிக்கணினியாலும் காப்பாற்ற முடியாது.

சேவையகம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சிங்கப்பூர் நமக்குப் பக்கத்து வீடு. ‘அல்பியன் ஆன்லைன்’ 2023-இல் ஆசியாவுக்கென்று தனிச் சேவையகம் திறந்தபோது நம் வட்டாரத்து ஆட்டக்காரர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் தூரம் குறைந்ததுதான். சாதாரண மடிக்கணினியிலும் ஓடும் ஆட்டம் அது. ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’-க்கு ஜப்பானிலும், 2022 முதல் ஆஸ்திரேலியாவிலும் தரவு மையங்கள் உண்டு. கணக்குத் தொடங்கும்போதே சேவையகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல ஆட்டங்களில் பிறகு மாற்றுவது சிரமம் அல்லது செலவு.

> பெட்டிச் செய்தி: சிரம்பானிலிருந்து எவ்வளவு தூரம்?
>
> கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. நேர்கோட்டில் போய்த் திரும்பினால் கூட இதற்குக் குறைவான நேரத்தில் முடியாது:
>
> ● சிங்கப்பூர், சுமார் 260 கி.மீ.: 3 மில்லிவிநாடி
>
> ● தோக்கியோ, சுமார் 5,300 கி.மீ.: 53 மில்லிவிநாடி
>
> ● சிட்னி, சுமார் 6,600 கி.மீ.: 66 மில்லிவிநாடி
>
> ● பிராங்பர்ட், சுமார் 10,000 கி.மீ.: 100 மில்லிவிநாடி
>
> கடலடிக் கம்பிகள் நேராகப் போவதில்லை. வழியில் பல நிலையங்களும் உண்டு. அதனால் உண்மையில் தெரியும் பிங் இதைவிடக் கூடுதல்.

சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப மூன்று மில்லிவிநாடி போதும் என்றால் தோட்டத்தில் 300 ஏன் தெரிகிறது? தாமதம் கடலில் இல்லை. லயத்திலிருந்து கோபுரம் வரையுள்ள கடைசிச் சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

செம்பனையும் தகரமும் மின்னலும்

செம்பனையை நட்டால் ஏறக்குறைய 25 ஆண்டுகள் நிற்கும். கன்றாக இருக்கும்போது கோபுரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும். மரம் வளர வளர மட்டைகள் சேர்ந்து சுவராகிவிடுகின்றன. ரேடியோ அலையை இலை உறிஞ்சும். நனைந்த இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ‘முன்னே லைன் நல்லா இருந்துச்சு, இப்ப இல்லே’ என்று தோட்டத்துக்காரர்கள் சொல்வதில் இந்த நியாயம் உண்டு. கோபுரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இடையில் காடு உயர்ந்துவிட்டது.

தகரக் கூரை அலையைத் திருப்பி அடிக்கும். அதனால் 4ஜி மோடத்தைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வைப்பது வீண். கோபுரம் இருக்கும் திசையைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்துச் சன்னலில், முடிந்தவரை உயரத்தில் வைக்க வேண்டும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அலையின் வலிமை எண்ணாகத் தெரியும். வீட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்து நல்ல எண் வரும் இடத்தில் நிறுத்துங்கள். வெளியே கம்பத்தில் ஆன்டெனா பொருத்தும் வசதி உள்ள மோடமானால் செம்பனைக் காட்டுக்கு அதுவே ஏற்றது.

மோடத்திலிருந்து மடிக்கணினிக்கு வைஃபைக்குப் பதில் லேன் கம்பி போடுங்கள். சில வெள்ளியில் தடுமாற்றத்தின் ஒரு பகுதி ஒழிந்துவிடும். கம்பி முடியாவிட்டால், மோடம் அதே அறையில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர்கள் யூ.எஸ்.பி. கம்பியால் இணைக்கலாம். அதோடு, ஹாட்ஸ்பாட்டுக்குப் பல திட்டங்களில் தனி வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். ‘வரம்பில்லாத டேட்டா’ என்ற விளம்பரம் கைப்பேசிக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம். விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவைத்தால் பெரிய புதுப்பிப்புகள் ஆட்டத்தின் நடுவே இறங்கத் தொடங்காது.

வீட்டில் யாராவது கைப்பேசிப் படங்களை மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தாலும் பிங் எகிறும். மேலேறும் வழி குறுகலானது. அது அடைபட்டால் எல்லாம் வரிசையில் நிற்கும். இதைச் சரிசெய்யக் கருவி வேண்டாம், வீட்டில் பேசிவைத்துக்கொண்டால் போதும்.

மலேசியத் தீபகற்பம் உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. இடி தூரத்தில் கேட்கும்போதே அடாப்டரையும் மோடத்தையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. அணி நடுச்சண்டையில் இருந்தாலும் கழற்றுங்கள். அரக்கன் நாளைக்கும் வருவான், எரிந்துபோன மதர்போர்டு திரும்பாது.

சம்பளக் கணக்கில் ஒரு மடிக்கணினி

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியானது, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஆட்டத்துக்கென்று விற்கப்படும் புது மடிக்கணினி மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும். தோட்டத்தில் ஒருவர் சம்பாதித்து நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்கு இது இரண்டு மாத உழைப்பு. ஆகவே செலவுக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் காசில்லாத மாற்றங்கள். அடுத்து சுத்தம் செய்தலும் வெப்பப் பசையும். அடுத்து ரேம், எஸ்.எஸ்.டி., லேன் கம்பி. இவ்வளவும் செய்து போதாவிட்டால்தான் புது மடிக்கணினி.

பழைய மடிக்கணினி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் செயலி 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ‘ஐ7’ என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்து 5-ஆம் தலைமுறை மடிக்கணினியை வாங்கி ஏமாறாதீர்கள்.

செயற்கைக்கோள் வழியும் வந்திருக்கிறது. 2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் மலேசியாவில் தொடங்கியபோது மாதம் 220 வெள்ளி, கருவிக்கு 2,300 வெள்ளி. ஒரு குடும்பத்துக்குக் கட்டுபடியாகாத விலை அது. லயத்துக் குடும்பங்கள் பல சேர்ந்து கேட்டாலோ நிர்வாகமே பொதுமண்டபத்தில் ஏற்பாடு செய்தாலோதான் நடைமுறைக்கு வரும்.

பெற்றோரின் அச்சத்தையும் இங்கே பேசியாக வேண்டும். ஆட்டத்துக்குள் ஆயுதமும் பாத்திரமும் வாங்கும் குலுக்கல் முறை காசைக் கரைக்கும். வங்கி அட்டையை ஆட்டக் கணக்கில் பதிந்துவைக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆட்ட அடிமைத்தனம் இடம்பெற்று 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. தூக்கம், வேலை, படிப்பு, உறவு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல் ஓராண்டளவு தொடர்வதுதான் அதன் அடையாளம். ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்கப் போகும் பிள்ளை நோயாளி அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த பெற்றோரிடம்தான் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

லைன் இல்லாதவன் இழப்பது என்ன?

அணியில் அடிக்கடி அறுந்துபோகும் ஆளை அடுத்த முறை யாரும் அழைப்பதில்லை. திறமை இருந்தும் தோட்டத்து இளைஞர் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இழப்பு சிறிதாகத் தெரியலாம். அதே லைன் பள்ளிக்கூடத்திலும் ஒதுக்கியது. 2020 ஜூனில் சபாவில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்தார். நாடே அதைப் பேசியது. தோட்டங்களில் மேட்டில் ஏறி, சாலை முனையில் மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்து பாடம் படித்த பிள்ளைகள் செய்தியாகவில்லை. 500 பள்ளிகளைச் சேர்ந்த வசதி குறைந்த மாணவர்களுக்கு 150,000 கருவிகள் தரும் ‘செர்டிக்’ திட்டம் 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கருவி கைக்கு வந்த பிள்ளைக்கும் லைன் வேண்டும்.

இன்று ஆட்டம் என்பது ஒரு தொழில்துறை. 2023-இல் உலகப் புகழ் பெற்ற ‘பால்டர்ஸ் கேட் 3’ ஒரு வேடமேற்கும் ஆட்டம். அதை உருவாக்கிய லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் கூடம் இருக்கிறது. ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’-இல் பணியாற்றிய வான் ஹஸ்மர் நாடு திரும்பி மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கி, 2020-இல் ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டார். படம் வரைபவர், கதை எழுதுபவர், இசையமைப்பவர், நிரல் எழுதுபவர், சோதித்துப் பார்ப்பவர் என்று இத்தனை வேலைகள் சிரம்பானிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. தன் மடிக்கணினியைத் தானே திறந்து ரேம் மாற்றக் கற்றவன், பிங்கை அளந்து கோளாறு கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அந்த உலகத்தின் வாசலில் நிற்கிறான். அவனைத் தோட்டத்து லைன் அங்கேயே நிறுத்திவைக்கக் கூடாது.

தனியார் நிலம் என்ற பழைய வேலி

2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி, 75 லட்சம் வளாகங்களுக்குக் கண்ணாடி இழை என்று 2022 இறுதிக்கு இலக்கு வைத்தது. 2021 இறுதியோடு 3ஜி நிறுத்தப்பட்டது. 5ஜி சேவை மக்கள் வசிக்கும் பகுதிகளில் 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக 2023 இறுதியில் அறிவிக்கப்பட்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரின் நடுவே சில டஜன் வீடுகள் உள்ள லயம் எந்தக் கணக்கிலும் சிறு புள்ளி. விழுக்காடு எவ்வளவு ஏறினாலும் மிச்சமிருக்கும் கடைசிச் சிறு பங்கில் அந்தப் புள்ளி விழுந்துவிட இடமுண்டு.

கோபுரம் நடவும் கம்பி இழுக்கவும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். தோட்டம் தனியார் நிலம். இந்தக் காரணத்தைத் தோட்டத் தமிழர்கள் பல தலைமுறைகளாகக் கேட்டுவருகிறார்கள். கிராமங்களுக்குச் சாலையும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்த காலத்தில், கிராம மேம்பாட்டு நிதி தனியார் நிலத்துக்குள் வராது என்று தோட்டங்கள் ஒதுக்கப்பட்டன. இரவில் சில மணி நேரம் மட்டும் ஓடும் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் படித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பிறகு சட்டம் வந்தது. தொழிலாளர்களின் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், குடிநீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக்கியது. 2019-இல் அது திருத்தப்பட்டபோதும் அந்தக் கடமைகளின் பட்டியலில் இணையம் சேரவில்லை.

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் வேகமாக மாறுகின்றன. சிரம்பானைச் சுற்றி, செண்டாயானிலும் லாபுவிலும் நீலாயிலும் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. புதுமனைகள் கட்டும்போதே இணையக் கம்பிக்கு வழி வைக்கிறார்கள். அந்த நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்தின் பேரன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் சன்னலோரம் மோடத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறான். இது தொழில்நுட்பக் குறை அல்ல, நீதிக் குறை.

செய்ய வேண்டியவை

இளைஞர்களே, மடிக்கணினியைச் சுத்தம் செய்யுங்கள், அமைப்பைச் சரிசெய்யுங்கள், மோடத்துக்கு நல்ல இடம் தேடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வாரம் காலை, மாலை, இரவு என்று பிங்கையும் வேகத்தையும் அளந்து தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். ஜெண்டேலா வரைபடத்தில் உங்கள் தோட்டத்துக்கு என்ன காட்டியிருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் ‘உண்டு’ என்றும் வீட்டில் ‘இல்லை’ என்றும் இருந்தால் உங்கள் அளவுகளை இணைத்துத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள். பத்துப் பேர் தனித்தனியாகக் குறைப்படுவதைவிட, பத்து வீட்டின் அளவுகளோடு போகும் ஒரே மனுவுக்கு வலிமை அதிகம். தோட்டத்து ஆலய நிர்வாகம், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம் மூன்றும் அதில் கையெழுத்திடட்டும். இந்த மாநிலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல தோட்டத்துப் பெயரைத் தாங்கியவை. அவை ஒவ்வொன்றையும் மையமாக வைத்து இந்த வேலையைத் தொடங்க முடியும்.

தோட்ட நிர்வாகங்கள் கோபுரத்துக்கும் கம்பிக்கும் தயங்காமல் வழிவிட வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் ஓட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும்: 446-ஆவது சட்டத்தில், குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் பக்கத்தில் இணையத்தையும் எழுத வேண்டும். மடிக்கணினிக்குள் இருக்கும் பழுதைத் தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். சட்டத்துக்குள் இருக்கும் பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு அரசாங்கத்துடையது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருபவரிடம் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்.